வான்வழி செல்வோர்க்கு அடைக்கலம்

குமரி மாவட்டத்தின் மலையோரத்தில், ரப்பர்த் தோட்டங்களின் நடுவே அமைந்த ஊர் குலசேகரம். பேச்சிப்பாறையிலிருந்து இறங்கிவரும் கோதையாறு, அவ்வூருக்கு அண்மையில் திற்பரப்பில் அருவியாக வீழ்கிறது. பின்னர் மூவாற்றுமுகத்தில் பறளியாற்றோடு கலந்து, குழித்துறைத் தாமிரபரணி என்னும் பெயர் பெற்று, தேங்காப்பட்டணத்தில் கடலை அடைகிறது. அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கை நோக்கியவாறு, குலசேகரத்துக்குத் தென்மேற்கே சிதறாலில் நிற்பது திருச்சாரணத்து மலை. பாறையைக் குடைந்தும் செதுக்கியும் அமைந்த அத்தலத்தில், பார்சுவநாதரும் மகாவீரரும் ஏனைய தீர்த்தங்கரரும், சிங்கத்தோடும் மக்களோடும் நிற்கும் அம்பிகை இயக்கியும், பத்மாவதி இயக்கியும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் காட்சி தருகின்றனர்.

மலையின் பெயரே ஒரு வரலாற்றைச் சொல்கிறது. சாரணர் என்போர் தவத்தின் பயனாக, நிலத்தில் கால் தோயாமல் வான்வழியே செல்லும் ஆற்றல் பெற்ற முனிவர். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகளும் கோவலனும் கண்ணகியும் அரங்கத்தருகே கண்டு வணங்கியவர் இத்தகைய சாரணரே. பொன்னூர் மலையில் தவமியற்றிய ஆசாரியர் குந்தகுந்தர், சாரண ருத்தியால் விதேக நாடு சென்று சீமந்தர சுவாமியின் அறவுரையைக் கேட்டு மீண்டார் என்பது தமிழ்ச் சமணர் வழிவழியாகப் போற்றிவரும் நம்பிக்கை. வானில் செல்வோர் இறங்கித் தங்கும் மலை என்ற பொருளிலேயே தென்கோடியிலுள்ள இம்மலைக்குச் சாரணர் பெயர் அமைந்தது.

மகாவீரர் ஜெயந்தி வரும் பங்குனி, சித்திரைத் திங்கள்களில் வான்வழிச் செலவு ஒன்று பாரத நாடெங்கும் நிகழ்கிறது. பனிக்காலத்தைத் தெற்கே கழித்த பறவைகள், வெயில் ஏறத் தொடங்கியதும் வடக்கே தம் பிறப்பிடம் நோக்கிப் புறப்படுகின்றன. அவற்றுள் ஓர் இனத்துக்கு, பாலை நிலத்துச் சிற்றூர் ஒன்றின் ஜைனக் குடும்பங்கள் ஐம்பது ஆண்டுகளாக உணவிட்டு வருகின்றன. அந்த வரலாறு குமரிக்குத் தொலைவானது. ஆயினும் அதன் தொடக்கத்தைக் குமரித்துறையிலேயே காணலாம்.

குமரியிலிருந்து வடதிசை

பறவைகள் பருவந்தோறும் குமரிக்கு வருவதையும் வடக்கே மீள்வதையும் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தனர். புறநானூற்றின் 67ஆம் பாடலில், பாண்டி நாட்டுப் புலவர் பிசிராந்தையார் ஓர் அன்னச்சேவலை விளித்துப் பேசுகிறார். குமரித்துறையில் மீன் மேய்ந்து வடமலைக்குத் திரும்பும் வழியில், உறையூரில் கோப்பெருஞ்சோழனின் மாடத்தில் சற்றே தங்கிச் செல்க என்பது அவர் வேண்டுகோள். பிற்காலத்துச் சத்திமுற்றப் புலவரும், தம் வறுமையை மனைவிக்கு உணர்த்த, குமரியாடி வடக்கே செல்லும் செங்கால் நாரையையே தூது விடுத்தார்.

இவ்விரு புலவர்க்கும் இடையே பல நூற்றாண்டுகள் உள்ளன. எனினும் இருவரும் ஒரே செய்தியைச் சொல்கின்றனர். பறவை தென்குமரியில் பருவத்தைக் கழிக்கும். காலம் வந்ததும் துணையோடு வடதிசைக்கு மீளும். இடையில் அதற்குத் தங்குமிடம் வேண்டும். பிசிராந்தையார் தம் பறவைக்குக் கேட்டதும் அதுவே. அந்தக் கோப்பெருஞ்சோழன் பின்னாளில் வடக்கிருந்து உயிர் நீத்ததையும், பிசிராந்தையார் அவனோடு உடனிருந்து உயிர் விட்டதையும் தமிழுலகம் அறியும். வடக்கிருத்தலைச் சமணரின் சல்லேகனையோடு ஒப்பிட்டு ஆராய்ந்த அறிஞர் பலர்.

பிசிராந்தையார் கண்ட அன்னம் இன்னது எனத் துணிவது எளிதன்று. அது வரித்தலை வாத்தாக இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. மங்கோலியாவிலும் திபெத்திலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் அவ்வாத்து, இமயத்தைக் கடந்து இந்தியாவுக்கு வருகிறது. 7,000 மீட்டரை ஒட்டிய உயரத்திலும் அது பறப்பதைச் செயற்கைக்கோள் கருவிகள் பதிவு செய்துள்ளன. நாஞ்சில் நாட்டுக்கு அயலே, திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் இன்றும் ஆண்டுதோறும் அவ்வாத்துகள் வந்து தங்குகின்றன. புலவர் வடமலை என்றது வெறுங்கற்பனை அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கொக்கும் நாரையும் கிரௌஞ்சமும்

தமிழில் கொக்கு, நாரை, குருகு என்னும் பெயர்கள் நீர்நிலைகளில் நெடுங்காலூன்றி நிற்கும் பல பறவைகளுக்குப் பொதுவாக வழங்குகின்றன. வயலில் நிற்கும் வெண்கொக்கும் குளக்கரையில் தவமிருப்பதுபோல் நிற்கும் நாரையும் மீன், தவளை முதலியவற்றை உண்பவை. மரத்தில் கூடு கட்டுபவை. வடநூலார் கிரௌஞ்சம் என்று குறித்த பறவைக் குலம் வேறு. அது மரத்தில் அடைவதில்லை; திறந்த வெளியில் நிலத்திலேயே முட்டையிடும்; பறக்கும்போது கழுத்தை மடக்காமல் நேரே நீட்டிச் செல்லும்; எக்காளம் போன்ற குரல் உடையது. புழு பூச்சிகளையும் அது உண்ணும் எனினும், அதன் உணவில் பெரும்பங்கு தானியமும் விதையும் ஆகும்.

ஐந்தாம் தீர்த்தங்கரராகிய சுமதிநாதரின் இலாஞ்சனமாகச் சுவேதாம்பர மரபு கிரௌஞ்சப் பறவையைக் கூறுகிறது. திகம்பர மரபு சக்கரவாகத்தைக் கூறும். இரண்டும் பருவந்தோறும் இடம்பெயரும் பறவைகளே. அருகனின் திருவடிக்கீழ்ப் பொறிக்கத்தக்கது என முன்னோர் தேர்ந்த உயிர்களுள், ஓரிடத்தில் நிலையாகத் தங்காத வழிப்போக்கப் பறவையும் ஒன்று என்பது எண்ணத்தக்கது.

கிரௌஞ்சக் குலத்தில் உருவிற் சிறியது, இராஜஸ்தானத்தில் குர்ஜா எனப்படும் பறவை. கிரௌஞ்சம் என்னும் வடசொல்லிலிருந்தே குர்ஜா என்னும் பெயர் பிறந்தது என்பர். ஏறத்தாழ மூன்றடி உயரம், சாம்பல் நிற உடல், கரிய கழுத்தும் மார்பும், சிவந்த கண், கண்ணின் பின்புறமிருந்து பின்னோக்கித் தொங்கும் வெண்ணிறத் தூவி. மங்கோலியா, கஜகஸ்தான், வடசீனம், உருசியா ஆகிய நாடுகளின் புல்வெளிகளில் அது குஞ்சு பொரிக்கிறது. பெரும்பாலும் இரண்டு முட்டைகளே இடும். குளிர் தொடங்குமுன் தெற்கே புறப்பட்டு, குஜராத், இராஜஸ்தானம் முதலிய பகுதிகளில் பனிக்காலத்தைக் கழிக்கும். தமிழகத்துக்கு அது வழக்கமாக வருவதில்லை.

இராஜஸ்தானத்து நாட்டுப்பாடல்களில், தொலைநாட்டில் பொருளீட்டச் சென்ற கணவனுக்குப் பெண்கள் குர்ஜாவையே தூது விடுகின்றனர். சத்திமுற்றப் புலவர் நாரையிடம் சொன்னதை மார்வாட்டுப் பெண் குர்ஜாவிடம் சொல்கிறாள். பிரிந்து வாழும் மனிதர், பிரிந்தும் தவறாது மீளும் பறவையிடம் நம்பிக்கை வைப்பது இரு நாட்டுக்கும் பொதுவாக இருந்திருக்கிறது.

கீச்சன்

ஜோத்பூருக்கு வடமேற்கே, தார்ப் பாலையில் பலோதி என்னும் ஊருக்கு அண்மையில் உள்ள சிற்றூர் கீச்சன். செந்நிறக் கல்லால் கட்டிய பெரிய மாளிகைகள் அங்கு வரிசையாக உள்ளன. அவற்றுட் பல பூட்டிக் கிடக்கின்றன. மாளிகைகளைக் கட்டிய ஓசுவால் ஜைன வணிகக் குடும்பங்கள் தொழிலின் பொருட்டு நாட்டின் பல நகரங்களுக்கும் குடிபெயர்ந்துவிட்டன.

புறாக்களுக்கும் சிட்டுக்குருவிகளுக்கும் அணில்களுக்கும் நாள்தோறும் தானியம் இறைப்பது அவ்வூர் ஜைனரின் பழைய வழக்கம். 1970களில் ரத்தன்லால் மாலு என்பவர் அப்பணியை ஏற்றுச் செய்தபோது, குர்ஜாக்கள் சில புறாக்களோடு கலந்து தானியம் பொறுக்க வந்தன. அவர் விரட்டவில்லை, மறுநாள் சற்றுக் கூடுதலாக இறைத்தார். அடுத்த பனிக்காலத்தில் மேலும் சில வந்தன. நாய்கள் பறவைகளைத் துரத்தத் தொடங்கவே, ஊரார் ஒரு நிலத்தை ஒதுக்கி, சுற்றிலும் வேலியமைத்து, தானியம் இறைக்கத் தனியிடம் ஏற்படுத்தினர். அதற்குச் சுக்காகர் என்று பெயர். சுக்கா என்பது பறவைக்கு இறைக்கும் தானியம். கர் என்பது வீடு. பாரதத்தின் மேற்குப் பகுதியில் புறாக்களுக்கு உணவிடுவதற்கென அமைந்த இத்தகைய இடங்கள் பல உண்டு. நெடும்பயணம் வரும் கிரௌஞ்சங்களுக்கென அமைந்தது கீச்சனுடையதே.

முதலில் விரல்விட்டு எண்ணத்தக்க அளவில் வந்த பறவைகள், ஆண்டுகள் செல்லச் செல்ல ஆயிரக்கணக்கில் பெருகின. இன்று ஒரு பருவத்தில் அங்குத் தங்கும் குர்ஜாக்கள் இருபதாயிரத்தை எட்டுகின்றன. புரட்டாசியையொட்டி வந்து சேர்பவை, மாசி, பங்குனி வரை தங்கும். விடியலில் கூட்டங்கூட்டமாக ஊரை வட்டமிட்டு, முறைவைத்ததுபோல் ஒரு கூட்டம் இறங்கி உண்டு எழுந்த பின்னரே அடுத்த கூட்டம் இறங்கும். பின்னர் ராத்திரி நாடி, விஜயசாகர் ஆகிய நீர்நிலைகளுக்குச் சென்று நீர் அருந்தி இளைப்பாறும். பருவத்தின் உச்சத்தில் நாளொன்றுக்குப் பல நூறு கிலோ தானியம் வேண்டும். அதற்கான பொருளை, ஊரை விட்டுச் சென்ற ஜைனக் குடும்பங்களும் வந்து காணும் அன்பர்களும் அளிக்கின்றனர். மாளிகையில் விளக்கேற்ற ஆளில்லாத குடும்பமும், பிறந்த மண்ணுக்கு வரும் பறவையின் பங்கை அனுப்பத் தவறுவதில்லை.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். குர்ஜா தானியம் உண்ணும் பறவையாதலால்தான் ஜைன இல்லறத்தார் அதற்கு உணவிட முடிந்தது. ஓர் உயிரைக் காக்க இன்னோர் உயிரைக் கொல்லும் இக்கட்டு அங்கு எழவில்லை. மீனுண்ணும் நாரைக்கு அவ்வாறு உணவிட இயலாது. அதற்குச் செய்யத்தக்க அறம் வேறு.

உணவு மட்டும் போதாது

ஆகாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் எனத் தானம் நால்வகைப்படும் என்பது ஜைன நெறி. பசித்தோர்க்கு உணவு, அஞ்சினோர்க்கு அடைக்கலம், நோயுற்றோர்க்கு மருந்து, அறியாதோர்க்கு அறிவு. கீச்சனின் வரலாறு ஆகார தானத்தில் தொடங்கியது. ஆனால் பறவைகள் பெருகியபோது, ஏனைய மூன்றும் இன்றி முதல் தானம் நிறைவுறாது என்பதை அவ்வூரார் உணர நேர்ந்தது.

முதலில் வந்த இடர் மின்கம்பி. தானியம் பொறுக்கத் தாழ்ந்து வந்த குர்ஜாக்கள், ஊரைச் சுற்றிச் சென்ற உயரழுத்தக் கம்பிகளில் மோதி இறகொடிந்தும் உயிர் நீங்கியும் வீழ்ந்தன. உணவு வைத்து அழைத்த இடமே சாவுக்கிடமாவது கண்டு வருந்தியவருள் ஒருவர் சேவாராம் மாலி. அவர் ஜைனர் அல்லர், அவ்வூர்க்காரர். அடிபட்ட பறவைகளை எடுத்துவந்து மருத்துவம் செய்ததோடு, கம்பிகளை அகற்ற வேண்டி நீதிமன்றம் வரை சென்றார். ஒரு சமயத்தாரின் வழக்கமாகத் தொடங்கியது இவ்வாறு ஊர் முழுவதற்கும் உரிய கடமையாயிற்று. ஔஷத தானத்துக்கு ஜைனரிடையே நெடிய மரபுண்டு. தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே, திகம்பர ஜைன லால் மந்திர் வளாகத்தில் இயங்கும் பறவை மருத்துவமனை அதற்கு உலகறிந்த சான்று.

அடுத்த இடர் நோய். பறவைகள் ஓரிடத்தில் நெருங்கிக் கூடும்போது தொற்று எளிதிற் பரவும். 2021 நவம்பரில் ஜோத்பூர் மாவட்டத்துக் கபர்தாவில் நூற்றுக்கும் மேற்பட்ட குர்ஜாக்கள் பறவைக் காய்ச்சலால் மடிந்தன. 2025 சனவரியில் ஜெய்சல்மர் மாவட்டத்திலும் அந்நோய் அவற்றைத் தாக்கியது. இயற்கையாகப் பரந்து மேயும் உயிரை ஓரிடத்தில் திரளச் செய்வது தகுமா என்னும் வினாவை இத்தகைய இழப்புகள் எழுப்புகின்றன. அன்பு மிகுதியால் இறைக்கும் தானியம் தீங்குக்கு வழியாகிவிடக் கூடாது. நடப்பதிலும் உண்பதிலும் பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் கவனம் வேண்டும் எனச் சமிதிகள் வாயிலாக முனிவர்க்கு விதித்த நெறி, கொடுப்பதில் கவனமாக இல்லறத்தாருக்கும் பொருந்தும். எத்துணை இறைப்பது, இடத்தை எவ்வாறு தூய்மையாக வைப்பது, நோய் கண்டால் யாரிடம் தெரிவிப்பது என்னும் அறிவு கொடையின் ஒரு பகுதியே. அதுவே இங்குச் சாஸ்திர தானம்.

குர்ரம் ஆற்றுப் பள்ளத்தாக்கு

மூன்றாம் இடர் கீச்சனாரின் கைக்கு எட்டாதது. குர்ஜாக்கள் வரும் வழியும் திரும்பும் வழியும் ஒன்றல்ல என்பதைச் செயற்கைக்கோள் கருவிகளைப் பொருத்தி ஆராய்ந்தோர் கண்டறிந்தனர். இலையுதிர் காலத்தில் மங்கோலியப் பறவைகள் இமயத்தைக் கடந்து தெற்கே வருகின்றன. நேபாளத்தில் தவளகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் இடையே காளிகண்டகி ஆறு அறுத்த ஆழ்ந்த பள்ளத்தாக்கு அவற்றின் புகழ்பெற்ற வழி. எண்ணாயிரம் மீட்டருக்கு மேலுயர்ந்த இரு சிகரங்களுக்கிடையே காற்றையும் பொன்னிறக் கழுகுகளையும் எதிர்த்து அவை பறந்து வருகின்றன.

வேனிலில் திரும்பும்போதோ அவை இமயத்தின் மேற்கு எல்லையைச் சுற்றிச் செல்கின்றன. இராஜஸ்தானத்திலிருந்து சிந்துச் சமவெளியைக் கடந்து, ஆப்கானிஸ்தானம் வழியாக நடு ஆசியப் புல்வெளிகளை அடைகின்றன. அவ்வழியில் அமைந்ததே குர்ரம் ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஆப்கானிஸ்தான மலைகளில் தோன்றி, பன்னு, லக்கி மர்வத் பகுதிகளினூடே ஓடிச் சிந்து நதியில் கலக்கும் அவ்வாற்றின் கரைகளில், கிரௌஞ்சங்களைப் பிடிப்பது தலைமுறைகளாக நடந்துவருகிறது.

பிடிக்கும் முறை இது. முன்னரே பிடித்துப் பழக்கிய பறவைகளை ஆற்றங்கரை முகாமில் கட்டிவைப்பர். இரவில் வானில் செல்லும் கூட்டம் அவற்றின் குரலைக் கேட்டு, தம் இனம் அங்குத் தங்கியிருப்பதாக எண்ணித் தாழ்ந்து வரும். அப்போது நுனியில் ஈயக்குண்டு கட்டிய நீண்ட கயிறுகளை மேல்நோக்கி வீசுவர். கயிறு இறகிலோ காலிலோ சுற்றிக்கொள்ளப் பறவை நிலத்தில் வீழும். உயிரோடு பிடித்தவற்றை வீட்டு முற்றத்தில் வளர்ப்பது அங்குப் பெருமையாகக் கருதப்படுகிறது. துப்பாக்கி வந்தபின் இழப்பு மேலும் பெருகிற்று. 1980களிலிருந்து ஆய்வாளர்கள் இதனைப் பதிவு செய்ததைத் தொடர்ந்து, அந்நாட்டு அரசு உரிமம், அளவு முதலிய கட்டுப்பாடுகளை விதித்தது. வேட்டை முற்றிலும் நின்றுவிடவில்லை.

கீச்சனில் மாசியில் எண்ணிப் பார்த்த கூட்டம் புரட்டாசியில் மீளும்போது குறைந்திருந்தால், அதன் காரணம் எங்கோ ஓர் ஆற்றங்கரையில் இரவில் வீசிய கயிறாகவும் இருக்கலாம். ஓரூரார் நிறைவாக உணவிட்டாலும், வழிநெடுக அபயம் இல்லையேல் அக்கொடை பாதியே ஆகிறது. பறவைகளைப் பிடித்து வளர்ப்போரும் அவற்றை விரும்பியே வளர்க்கின்றனர் என்பது இதில் உள்ள துயரம். ஒருவர் அன்பினால் தானியம் இறைக்கிறார். மற்றவர் அன்பினால் கயிறு வீசுகிறார். பற்றோடு கூடிய அன்புக்கும் பற்றற்ற கருணைக்கும் உள்ள வேறுபாட்டைச் சமண நெறி ஏன் அத்துணை அழுத்தமாகச் சொன்னது என்பதற்கு இவ்விரு காட்சிகளே விளக்கம்.

அபயம் அளித்தோர்

அபயம் என்பது கொல்லாமையோடு நிற்பதன்று. அஞ்சி வந்த உயிர்க்கு இடம் தருவது. அதனை அரசு ஆணையாகவே பெற்றுத் தந்த வரலாறும் உண்டு. 1583இல் முகலாயப் பேரரசர் அக்பரைப் பத்தேப்பூர் சிக்ரியில் சந்தித்த சுவேதாம்பர ஆசாரியர் ஈரவிஜய சூரி, தமக்கெனப் பொன்னோ நிலமோ கேட்கவில்லை. பர்யூஷண நாள்களில் உயிர்க்கொலை நிகழக் கூடாது என்பதும், கூண்டில் அடைத்த பறவைகளை விடுவிக்க வேண்டும் என்பதுமே அவர் விண்ணப்பம். அக்பரும் அதற்கு இசைந்து ஆணை பிறப்பித்தார். ஜகத்குரு என்னும் பட்டத்தையும் அவருக்கு வழங்கினார்.

தமிழகத்தில் எளிய உழவரே அத்தகைய ஆணையைப் பெற்றனர். வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகளை ஆங்கிலப் படையினர் சுட்டபோது, ஊரார் முறையிட, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு அளித்துக் கவுல் வழங்கினார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவ்வுழவர் அறிந்திருந்தனர். கூந்தன்குளத்திலோ பறவைகள் ஊர் நடுவிலுள்ள மரங்களிலும் வீட்டு முற்றங்களிலும் கூடு கட்டுகின்றன. அவை அஞ்சும் என்பதற்காகத் தீபாவளியன்றும் அவ்வூரில் வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சுகளை எடுத்துக் காப்பதும் வழக்கம். இவ்வூரார் எவரும் சமண நூல் ஓதியவர் அல்லர். எனினும் அபய தானம் என்று அந்நூல்கள் சொல்வது இதுவே.

கீச்சனைப் போலத் தானியம் இறைக்கும் வாய்ப்பு வேடந்தாங்கலிலோ கூந்தன்குளத்திலோ இல்லை. அங்கு வரும் நாரையும் கூழைக்கடாவும் மீனுண்பவை. மனிதன் அவற்றுக்குத் தரக்கூடியவை நீரும் மரமும் அமைதியும் மட்டுமே. அவை கிடைத்தால் பறவை தன் உணவைத் தானே தேடிக்கொள்ளும்.

மீண்டும் சாரணர் மலையில்

குலசேகரத்தை ஒட்டி வரும் கோதையாற்று நீர், 1906இல் கட்டி முடிந்த பேச்சிப்பாறை அணையிலிருந்து கால்வாய்கள் வழியாக நாஞ்சில் நாட்டு வயல்களுக்கும் குளங்களுக்கும் செல்கிறது. அந்நாட்டின் தேரூர்க் குளமும் சுசீந்திரம் குளமும் இன்றும் வலசைப் பறவைகள் தங்கும் இடங்கள். 2022இல் சுசீந்திரம் தேரூர் நீர்நிலைத் தொகுதி, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 2025 சூனில் கீச்சனும் அதே பட்டியலில் சேர்ந்தது. பிசிராந்தையாரின் குமரித்துறையும் குர்ஜாக்களின் பாலைவனச் சிற்றூரும் இவ்வாறு ஒரே ஏட்டில் பதிவாயின. ஆயினும் ஏட்டில் பதிந்ததனால் மட்டும் ஓரிடம் காக்கப்படுவதில்லை. குளம் தூர்ந்தால், கரை வீடானால், கழிவு கலந்தால், பட்டியலில் பெயர் இருந்தும் பறவை இராது.

இந்த உண்மையைச் சாரணர் மலையே அறிவிக்கிறது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், பேராயக்குடி அரிட்டநேமி பட்டாரகரின் மாணாக்கியாராகிய குணந்தாங்கிக் குரத்திகள் அங்குறையும் பட்டாரியார்க்குப் பொன்னணி அளித்ததை அம்மலையின் வட்டெழுத்துக் கல்வெட்டு கூறுகிறது. 9ஆம் நூற்றாண்டில் ஒரு பெண் துறவி முன்னின்று கொடை செய்யும் அளவுக்கு அங்கு ஒரு சங்கம் செழித்திருந்தது. அக்கொடையைக் காக்க இல்லறத்தாரும் இருந்தனர். நாளடைவில் அவர்கள் அருகினர். 13ஆம் நூற்றாண்டளவில் அது பகவதி கோயிலாக மாறியது. தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பாறையில் நிலைத்தன. அவற்றைச் சூழ்ந்து வாழ்ந்த குடிகள் நிலைக்கவில்லை. பிற்காலத்தார் பகவதியென வணங்கிய அன்பும், தொல்லியல் துறையின் காவலும் அவ்வுருவங்களை இன்றுவரை காத்துத் தந்துள்ளன. வழிவழியாக மலையடிவாரத்தில் வாழ்ந்து நாள்தோறும் வழிபடும் சமணர்தாம் இல்லை.

கல்லில் பொறித்த அறம் நிலைத்து நிற்கக் கல்லுக்கு வலிமை இருந்தால் போதும். உயிர்களிடத்துச் செய்யும் அறமோ, நாள்தோறும் ஒரு கை செய்தால்தான் அன்றைக்கு உண்டு. மறுநாள் மீண்டும் செய்ய வேண்டும். கீச்சனின் மாளிகைகளும் சாரணர் மலையைப் போலவே ஆளின்றி நிற்கின்றன. ஆனால் அங்கு விடியலில் தானியம் இறைக்கும் கை நிற்கவில்லை. ஊரை விட்டுச் சென்றவர் தொலைவிலிருந்து பொருள் அனுப்புகிறார். ஊரில் இருப்பவர், ஜைனர் ஆயினும் அல்லராயினும், முன்னின்று செய்கிறார். தமிழ்ச் சமணர் பலரும் பிறந்த சிற்றூரை விட்டு நகரங்களில் வாழும் இக்காலத்தில், ஊர் ஜினாலயத்தையும் ஊர் ஏரியையும் நினைந்து காப்பதற்கு இது அணுக்கமான எடுத்துக்காட்டு.

பங்குனி வெயிலில் கீச்சனின் குர்ஜாக்கள், மேலெழும் வெப்பக் காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, வரிசை கூட்டி வடமேற்கே மறைகின்றன. அவ்வேளையில் குமரிக் குளங்களிலிருந்தும் பறவைகள் புறப்படுகின்றன. வழியில் எத்தனை ஊர்கள் அவற்றுக்கு இடம் தரும், எத்தனை கரைகளில் கயிறு காத்திருக்கும் என்பதை அவை அறியா. சென்றவை புரட்டாசியில் மீளும்போது, கீச்சனில் தானியமும் தேரூரில் நீரும் இருக்க வேண்டும். வானில் செல்வோர் தங்கிச் செல்லும் இடத்துக்குத் திருச்சாரணம் என்று பெயரிட்ட முன்னோரின் வழியில் வந்தோர்க்கு அக்கடமை புதியதன்று.